சினை மாட்டை விரட்டியவர்

18-5-1995, வியாழன். இன்று தகரத்தைத் தட்டியது என் தவறு. கையைத் தட்டியிருந்தாலே பசு திரும்பியிருக்கும்.

மாலை வகுப்பில் தினமும் எழுதச் சொன்ன நாட்குறிப்பில் இவ்வளவும் எழுதிய முத்துராணி, கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, ‘திரும்பியிருக்குமோ என்னவோ’ என்று மாற்றினாள்.

கடையத்துக்கு மேற்கே, தில்லைநாயகத்தின் வயலில் அவள் அப்பா மாரிக்கண்ணு கிடை போட்டிருந்தார். ராத்திரி மாடுகள் அறுப்பு முடிந்த வயலில் படுக்கும். சாணம் வயலுக்கு, பம்புசெட் தண்ணீர் மாடுகளுக்கு. இந்தக் கோடையில் தில்லைநாயகம் புதிதாக ஒன்றைக் கிளப்பியிருந்தார். பட்டணத்து ஆட்கள் விடுமுறைக்கு வந்து தங்கி, குதிரையில் ஏறி மாடு மேய்க்கலாம். மாடு மாரிக்கண்ணுவுடையது. குதிரை, அதுவரை பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வந்தவர்களிடம் பந்தயக் குதிரை என்று சொல்லிவைத்திருந்தார்.

இன்று ஏறியவர் குருபிரசாத், சென்னையில் மேனேஜர். மனைவி வீடியோ எடுக்க, மந்தையை விட்டுவிட்டு நிறைசினையாக இருந்த செவலைப் பசுவை மட்டும் விரட்டினார். வயிறு குலுங்கக் குலுங்க அது ஓடியது.

“சார், அது சினை மாடு! வெரட்டாதீங்க!”

“ஓடட்டும்மா, படம் நல்லா வருது!”

செவலை வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டது. விழுந்தால் கன்றும் போச்சு, தாயும் போச்சு. முத்துராணி தகர டப்பாவை எடுத்துக் கம்பால் வெளுத்து வாங்கினாள். பசு திரும்பியது. குதிரையோ கொட்டுச் சத்தம் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆட ஆரம்பித்தது. மேனேஜர் சேற்றில் விழுந்தார்.

“மாப்பிள வந்தாச்சு, பொண்ணு எங்கவே?” என்று பம்புசெட் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

தில்லைநாயகம் ஓடிவந்தார். “ஏலே மாரிக்கண்ணு, ஒம் மவள சார் கால்ல விழச் சொல்லு. இல்லன்னா விடியதுக்குள்ள மாட்டப் பத்திக்கிட்டு எடத்தக் காலி பண்ணு.”

“விழுந்திரு தாயி,” என்றார் அப்பா. “செவல இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கி. இத எங்கன கொண்டு போவ?”

செவலையின் வாயில் நுரை. பின்கால்கள் வெடவெடத்தன. முத்துராணி குனியவில்லை.

“மாட்டக் கொல்லப் பாத்தவரு கால்லயா விழணும்? சார், இது பந்தயக் குதிர இல்ல, கல்யாணக் குதிர. கொட்டடிச்சா ஆடும். மொதலாளிக்குத் தெரியும், கேளுங்க!”

மேனேஜர் தில்லைநாயகத்தை முறைத்தார். தில்லைநாயகம் முத்துராணியை முறைத்தார்.

“விடியதுக்குள்ள,” என்றார்.

ராத்திரி கஞ்சி குடிக்கும்போது அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வாய அடக்கியிருந்தா செவல நெழல்ல கெடந்து ஈனியிருக்கும்.”

“விழுந்திருந்தா நாளைக்கும் வெரட்டுவாம்ப்பா!”

அப்பா கை கழுவப் போனார். அவள் நோட்டைத் திரும்ப இழுத்து எழுதினாள்:

நாளை வெயில் ஏறும் முன் மாடுகளை ஆழ்வார்குறிச்சிக்கு, மாமா வயலுக்குப் பத்த வேண்டும். செவலையை நான் தனியாக, பைய நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.