தேறியவை மூன்று

"உடை."

தங்கை அந்தக் கிண்ணத்தை இரும்பு வாளிக்குள் ஓங்கிப் போட்டாள். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா அடுத்ததற்குக் கை நீட்டினாள். பார்வை போய்விட்டது. போனால் என்ன? விளிம்பில் விரலை ஓட்டினாள். நகத்தால் ஒரு சுண்டு. மணி மாதிரி கேட்டால் அலமாரிக்கு. துளி பிசகினாலும் வாளிக்கு.

காலையிலிருந்து அலமாரியில் சேர்ந்தவை மூன்றே மூன்று.

"நல்லாத்தானே இருக்கு அக்கா எல்லாம்."

"உனக்கு எதுதான் நல்லா இல்ல? உன் ரசனை அப்படி."

பகலில் ஆபீஸில் கட்டட வரைபடம், சாயங்காலம் வீட்டில் பீங்கான் என்று அக்காவுக்கு வருஷக்கணக்காக இரட்டைக் குதிரைச் சவாரி. மண் பிசைந்ததும், சூளைக்குக் காவல் இருந்ததும் தங்கை.

"நான் வரைஞ்ச கட்டடம் பூரா முதலாளி பேருல நிக்குது. என் பேரு இதுல மட்டும்தான். நான் கண்ணை மூடினதும் கண்காட்சின்னு வந்து அள்ளிட்டுப் போவாரு. சொத்தையா ஒண்ணுகூடப் போகக்கூடாது."

தங்கை அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கோப்பையை எடுத்தாள். அக்காவின் கையில் வைத்தாள்.

விரல் இரண்டு சுற்று சுற்றியது. சுண்டினாள். சத்தம் அடங்க நேரமானது.

"இதை எப்படி மறந்தேன்? கையில எப்படி உக்காருது பாரு. நடுவுல வை."

தங்கை சும்மா இருந்திருக்கலாம்.

"அது நான் பண்ணது அக்கா. நீ சைட்டுக்குப் போயிருந்தப்ப."

அக்காவுக்கு மூச்சு இழுத்தது.

"யாரு மண்ணு?"

"உன்னுதுதான்."

"சூளை?"

"அதுவும்தான்."

அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

"கூட்டிடு."

தங்கை குனிந்து கூட்டினாள். நிமிர்ந்தபோது போர்வை அசையவில்லை.

மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். இமைகளை மூடிவிட்டாள். போனை எடுத்தவள், அப்படியே வைத்துவிட்டு அலமாரிக்குப் போனாள். முதல் கிண்ணத்தைச் சுண்டினாள். மணியேதான். அக்கா கை அக்கா கைதான்.

வாளிக்குள் போட்டாள். அடுத்ததைச் சுண்டிப் பார்க்காமலே போட்டாள். மூன்றாவதையும்.

பிறகு முதலாளிக்குப் போன் போட்டாள்.

அட்டைப்பெட்டிகளோடு வந்தார். கட்டிலருகே கைகட்டி நின்றவரின் கண் அலமாரிக்குப் போய்த் திரும்பியது.

"எங்கம்மா எல்லாம்? ஹால் பேசிட்டேன். வாசல்ல அவங்க பேருதான், பெரிசா."

"சுண்டிச் சுண்டிப் பாத்தா சார். ஒண்ணும் தேறலைன்னுட்டா."

"ஒண்ணு கூடவா?"

"அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா."

நம்பாமல் வாளிக்குள் கை விட்டார்.

"பாத்து சார், கிழிச்சிடும்."

ஒரு கிண்ணத்தின் அடித்துண்டு கையில் வந்தது. அக்காவின் பெயர் முத்திரை அதில் முழுசாக இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, தங்கை அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.