கடைமடைக் கால்

பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கல்யாணத்துக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். நூறடி நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இது மனைவி மதுரத்துக்குக் கூடத் தெரியாது என்பது அவர் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிச் சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை. 'நடையும் நானும்' என்று பேச்சு வேறு. ஒரே நிபந்தனை, டாக்டர் நுஸைபாவின் சோதனையில் கால் தேற வேண்டும்.

தம்பதி இருவருக்கும் மூன்று மாதம் முன்பே டாக்டர் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, தினமும் நடந்து எழுதச் சொல்லியிருந்தார். மதுரத்தின் நோட்டில் 'மழை', 'முழங்கால்', 'சோம்பல்' என்று ஏகப்பட்ட ஓட்டை. கல்யாணத்தின் நோட்டில் தொண்ணூறு நாளும் முப்பது நிமிடம். சோதனைக்கு முதல் நாள் மத்தியானம் ஒரே பேனாவில் எழுதி முடித்தது. வாய்க்கால் தூர்வாரிய அறிக்கையையும் அவர் இப்படித்தான் எழுதுவார்.

சோதனை அறையில், விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவியைக் கல்யாணம் தூக்கிக் காட்டினார். "தொண்ணூத்தெட்டு! பாத்தேளா டாக்டர்?"

"மேட்டூர் நெறஞ்சிருக்கு சார். கடைமடைக்குத் தண்ணி போகுதான்னு பாப்போம்" என்று கெண்டைக்காலில் ஒரு பட்டையைக் கட்டினார் நுஸைபா. தசைக்குள் பிராணவாயு எவ்வளவு என்று அது வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும்.

டிரெட்மில்லில் ஏறிய இரண்டாவது நிமிடமே கல்யாணத்துக்குக் கால் பிடித்தது. திரையில் கோடு சரிந்து படுத்துக்கொண்டது.

"ரத்தத்துல ஆக்ஸிஜன் இருக்கு சார். சர்க்கரை சின்னக் குழாயெல்லாம் கெடுத்து வச்சிருக்கு. நடந்தா கிளை வாய்க்கால் புதுசா உண்டாகும். நீங்கதான் ஒரு நாள் விடாம நடந்திருக்கீங்களே... பதினாலாம் தேதி கூட?" என்றார் டாக்டர், இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி.

"அன்னிக்கு மாயவரத்துல கல்யாணப் பந்தில மூணாவது ஜாங்கிரி எடுத்துண்டிருந்தார்" என்றாள் மதுரம்.

அடுத்து அவள் ஏறினாள். முழுசாக ஆறு நிமிடம். கோடு இறங்கி, ஜம்மென்று ஏறியது.

ஞாயிறு பொன்னாடை அவளுக்கு. பேச்சு இரண்டே வாக்கியம்: "கால் வலிச்சா நிப்பேன். வலி விட்டா நடப்பேன்." முதலில் கைதட்டியவர் கல்யாணம்தான். வேறு வழி?

திங்கள் காலை, 'புது ஆறு' கால்வாய்க் கரையில் இருவரும். கால் பிடித்ததும் கல்யாணம் சட்டென்று நின்று, தண்ணீரின் வேகத்தை ஆராய்ந்தார்.

"ஆத்தைப் பாக்கறாப்ல நடிக்க வேண்டாம். காலுக்கு முறை வெச்சு விடற தண்ணி, மெதுவாத்தான் வரும். நில்லுங்கோ."

நின்றார். கொஞ்சங்கொஞ்சமாகக் கால் இளகியது.

"வந்துடுத்துடி!" மதகைத் தானே திறந்துவிட்ட மாதிரி கத்தினார். கரையில் நின்ற கொக்கு பறந்தது.

வீட்டுக்கு வந்து, நோட்டில் 'இருநூறு அடி' என்று எழுதினார். மதுரம் எட்டிப் பார்த்தாள்.

அடித்துவிட்டு, நூற்று நாற்பது என்று எழுதினார்.