போலீஸ்காரருக்குப் போன செல்லப்பெயர்

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொன்ன எல்லைப் போராட்ட வருடங்களில் குளத்தூரில் ஓர் ஊர்வலம். அன்றைய மழைச் சேற்றில் ஒரு யானை மூழ்கி, மூன்றாம் நாள் பல மைல் தள்ளி, கள்ளிக்காடு என்ற ஊரில் கரையேறியது. அதை விடுவோம். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த ஒரு மலையாளப் போலீஸ்காரர் தடியோடு எங்களை விரட்டிவந்து அதே சேற்றில் விழுந்தார். எங்களோடு ஓடிக்கொண்டிருந்த என் கூட்டாளி ராஜையா திரும்பிப் போய் அவரைத் தூக்கிவிட்டான்.

"எழும்புலே, பன்னிக்குட்டி!" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு வழக்கு. குற்றம் உறுதியானால் மூன்று மாதம் உள்ளே. திங்கட்கிழமை அவனுக்கும் புஷ்பபாய்க்கும் கல்யாணம். பந்தலுக்குக் கால்கூட நட்டாயிற்று.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ராஜையா ஒரே பேச்சில் நின்றான். "செல்லமாட்டு விளிச்சதாக்கும், எஜமானே."

"பன்றி என்று செல்லமாக எப்படி அழைப்பது?" மாஜிஸ்திரேட் சாட்சியான என்னைப் பார்த்தார்.

உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊரில் செல்லமாகத் திட்டு வாங்கும் பிள்ளை வாரம் ஒரு ராத்தல் எடை கூடும். என் தம்பியை அம்மா ஓயாமல் திட்டியதில் வீட்டு வாசலை இரண்டு தடவை இடித்து அகலமாக்க வேண்டிவந்தது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். ராஜையாவின் கதை முடிந்தது என்று எனக்கே தோன்றிவிட்டது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஓய்! எனக்க பேரையா அந்த ஆளுக்குக் குடுத்தீரு?"

புஷ்பபாய். கண்ணெல்லாம் சிவப்பு.

"பன்னிக்குட்டிண்ணு என்னைய மட்டும்தானே விளிப்பீரு? இப்பம் மீசை வச்ச ஆளும் பன்னிக்குட்டியா? எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்!"

"ஏட்டி, அவரு விழுந்து கெடந்தாரு, பாவம் தோணிச்சு, வாயில வந்துட்டு..."

மாஜிஸ்திரேட் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "செல்லமாகத்தான் அழைத்திருக்கிறான். விடுதலை."

விடுதலையை யார் கேட்டார்கள்? புஷ்பபாய் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். ராஜையா பின்னால் ஓடினான். அவனுக்கும் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி போலீஸ்காரர்.

"பெங்ஙளே, தங்கச்சி, அந்தப் பேரு நிங்களே வச்சுக்கோ," என்றார் மூச்சு வாங்க. "எனிக்கு வேற ஒண்ணு போதும்."

புஷ்பபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன கல்யாணமும் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை பந்தலுக்கு முதல் ஆளாக வந்தவர் அந்தப் போலீஸ்காரர்தான். ராஜையா அவருக்குப் புதிதாக ஒரு பெயர் வைத்திருந்தான். ஊரே கேட்கக் கூப்பிட்டான். மனுஷன் முகம் அப்படி மலர்ந்தது. அந்தப் பெயரை அச்சில் போட முடியாது. அவ்வளவு செல்லம்.