கம்பமா, ஸ்டாண்டா

பால்பாண்டி மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கைபேசியை வானத்துக்குக் காட்டி மெல்ல ஒரு சுற்று சுற்றினான். வடக்கே தென்னந்தோப்பு மறைத்தது. கிழக்கே தண்ணீர்த் தொட்டி. வானம் முழுசாகத் திறந்து கிடந்தது மேற்கு மூலையில் மட்டும்தான். அங்கேதான் பிற்பாடு கட்டப்போகும் மாடி அறைக்கென்று விட்டுவைத்த தூண்கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“இங்கதேன் சிக்னல் வரும் தங்கச்சி.”

பாண்டீஸ்வரி அந்தக் கம்பிகளைப் பார்த்தாள். வீடு செக்கானூரணிக்கு மேற்கே, வயலுக்குள் தனியாக இருந்தது. கேபிள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் சூரியபிரகாஷ் வீடியோவில் கூப்பிட்டால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். வாய் ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் வரும். சாட்டிலைட் இன்டர்நெட் வைத்துவிடலாம் என்று அவன்தான் சொன்னான். பழங்காநத்தத்தில் கடை வைத்திருக்கும் பால்பாண்டி அவளுக்குப் பெரியப்பா மகன்; சாட்டிலைட் தட்டும் சாமானுமாக வந்துவிட்டான்.

அந்தக் கம்பிகளை அவள் துருப்பிடிக்க விட்டதே இல்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னாலும் சிமெண்டைப் பாலாகக் கரைத்துப் பூசிவிடுவாள். ஊரோடு வந்து மாடி கட்டுகிறேன் என்று சொல்லிப் போனவன் வருகிறபோது கம்பி இற்றுப்போய் இருக்கக்கூடாது பாருங்கள்.

மாமியார் ஒச்சாயி படியேறி வந்து தட்டைப் பார்த்தாள். “டிவி தட்டெல்லாம் தெக்க பாத்துல்ல இருக்கும்? இது என்னடா, சோத்துத்தட்டு மாதிரி மல்லாந்து கெடக்கு?”

“சாட்டிலைட்டு ஓடிக்கிட்டே இருக்கும் அயித்த. ஒண்ணு போனா ஒண்ணு வரும். தட்டு அண்ணாந்தே கெடக்கணும்.”

“என்னைய மாதிரின்னு சொல்லு. ஏரோப்பிளேன் சத்தம் கேட்டா நானுந்தேன் அண்ணாந்து பாக்குறேன்.”

பால்பாண்டி சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். “இரும்புக் கம்பம்னா தூண் தலையிலதேன் போல்ட்டு பிடிக்கும். வேற எடத்துல தொளை போட்டா ஒழுகும். இந்தக் கம்பிகள அறுத்துட்டு நடணும். ஆடிக் காத்துக்கும் அசையாது. இல்லேன்னா இந்த நாலுகால் ஸ்டாண்டு. சும்மா வச்சு, கல்லப் போட்டு அழுத்தணும். காத்துல நகந்தா இன்டர்நெட்டு விட்டு விட்டு வரும்.”

எது வேண்டுமென்று கேட்க அவன் சூரியபிரகாஷைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

“கம்பத்தையே போட்ருங்க மச்சான்.”

“கம்பிய அறுக்கணும் மாப்ள.”

“அறுங்க. பத்து வருசத்துக்குத் தொட வேணாம்ல.”

அவன் வேண்டுமென்றே சொன்னதல்ல, பேச்சுவாக்கில் வந்ததுதான். ஆனாலும், அப்போ பத்து வருசத்துக்கு மாடி இல்லையா என்றுதான் பாண்டீஸ்வரிக்குப் பட்டது. அண்ணன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“மாமா, ஸ்டாண்டே போதும்.”

“காத்துக்கு நிக்காது புள்ள.”

“நகந்தா நான் ஏறிச் சரி பண்ணிக்கிறேன்.”

“எதுக்கு அம்புட்டுக் கஷ்டம்?”

“கம்பி இருக்கட்டும் மாமா.”

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு, “சரி, ஸ்டாண்டே வைக்கச் சொல்லு,” என்றான். மனசு வைத்துச் சொன்ன சரியா, வேலை அவசரத்தில் சொன்ன சரியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஸ்டாண்டில் தட்டை வைத்த அன்று சாயங்காலமே அவன் வீடியோவில் வந்தான். முகம் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. தொப்பிக்குக் கீழே காதோரம் வெளுத்திருந்தது.

“தொப்பியக் கழட்டுங்க.”

“எதுக்குடி?”

“கழட்டுங்களேன்.”

கழற்றினான். உச்சிவரை நரை ஓடியிருந்தது.

“சொல்லவே இல்ல.”

“இங்க தண்ணி உப்பு, அதான்,” என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, “தை மாசம் லீவு கேட்டுப் பாக்குறேன்,” என்றான்.

“லீவுக்கு வேணாம் மாமா. ஊரோட வந்துருங்க.”

அவன் தொப்பியை விரல்களுக்குள் திருப்பிக்கொண்டே இருந்தான். அவள் போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய், காத்திருந்தாள்.