ஒரு சொட்டும் ஒழுகாத ஓவியங்கள்

சங்கக் கூட்டத்தில் யோஸ்தைன் எழுந்து நின்றபோதே ஒட்னி தன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டாள். யோஸ்தைன் நல்ல மனிதன்தான். அதுதான் பயம். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவிலிருந்து இந்த வடகோடித் தீவுக்குக் குடிவந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் சேவைச் சங்கத்துக்குச் செயலாளர். அந்த வேலையை வேறு யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

வருகிற ஜூன் மாதம் கேப்டனுக்கு எண்பது வயது முடிகிறது என்று ஆரம்பித்தான். சங்கம் நிதி திரட்ட நடத்தும் பஜாருக்காக அவர் வருடா வருடம் வரைந்து கொடுத்த ஓவியங்களை, பரிசாகப் பெற்றவர்கள் எல்லோரும் ஒருநாள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். சர்ச் மண்டபத்தில் கண்காட்சி. நுழைவுக் கட்டணம் முழுக்க முதியோர் இல்லத்துக்கு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டி வாங்க.

மண்டபத்தில் எல்லோரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கேப்டன் தோர்லைவ் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

அந்தத் தீவில் கூட்டத்தில் யாரும் எதையும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். எதிர்ப்பதெல்லாம் கூட்டம் முடிந்து, செருப்பு மாட்டும்போதுதான். ஆகவே எல்லாக் கையும் உயர்ந்தது. ஒட்னியின் கையும் உயர்ந்தது. சொல்லப்போனால் அவள் கைதான் முதலில் உயர்ந்தது, குற்றம் செய்தவளின் கை என்பதால்.

விஷயம் இதுதான். தோர்லைவ் நாற்பது வருடம் தீவுக்கும் கரைக்கும் நடுவே பயணிகள் படகு ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு மனைவியும் போய்ச் சேர்ந்துவிட, ஒரு நாள் தூரிகையை எடுத்தார். பழைய கப்பலை உடைத்தபோது அதன் அறைகளிலிருந்து கழற்றிய ஒட்டுப்பலகைகள் அவர் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் கதவளவு. இலை உதிரும் காலத்தில் ஒன்றை எடுத்துக் கலங்கரை விளக்கம் வரைவார். எப்போதும் அதே கலங்கரை விளக்கம்தான். கடல் ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கும். கடற்பறவைகள் கலங்கரை விளக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். அதன்மேல் கப்பலுக்குப் பூசுகிற வார்னிஷை மூன்று தடவை பூசி, நவம்பர் பஜாருக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவார்.

பஜாரில் எண் எழுதிய மரத் துடுப்புகளை விற்பார்கள். துடுப்பு என்றால் கையகல மரத்துண்டு, அவ்வளவுதான். சக்கரத்தைச் சுற்றி, எந்த எண்ணில் நிற்கிறதோ அந்தத் துடுப்பு வைத்திருப்பவருக்குப் பரிசு. உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டுத்தொடை, கம்பளிக் காலுறை, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு என்று வரும்போது ஊரே துடுப்பைத் தூக்கிப் பிடிக்கும். கேப்டன் படத்துக்குச் சக்கரம் சுற்றினால் ஊரே துடுப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருடம் மீன்காரர் ஒருவர் தன் எண் வந்ததும் துடுப்பைக் கோட்டுக்குள் நழுவவிட்டார். அவர் மனைவிதான் காட்டிக்கொடுத்தாள். அந்த வாரம் அவர்களுக்குள் ஏதோ சண்டை.

பரிசு வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அது மரியாதை இல்லை. ஆகவே வென்றவர் படத்தோடு சிரித்தபடி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். ஓரிரு நாளில் படம் தள்ளுவண்டியில் ஏறி, சங்கத்துப் படகுக் கொட்டகை வாசலுக்கு வந்துவிடும். கூடவே வாயடைக்க ஒரு கேக்கும் இருக்கும். கொட்டகைச் சாவி ஒட்னியிடம். பரிசுப் பொறுப்பும் அவளுடையது. கேப்டன் விசாரித்தால் எல்லோர் வாயிலும் ஒரே பதில்: மலைக் குடிலில் மாட்டியிருக்கிறோம். எல்லோருக்கும் மலைமேல் ஒரு மரக் குடில் உண்டு. கேப்டனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மலை ஏற மாட்டார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு புயலில் படகுத்துறையில் இருந்த சங்கத்து வாஃபிள் கடை சிதறிப்போயிற்று. கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காய் மணக்கும் வாஃபிள் அப்பமும் காபியும் விற்றுத்தான் சங்கம் பாதிக் காசு சேர்க்கிறது. ஊர் கொடுத்த நன்கொடையில் ஒரு காசும் சங்கம் தனக்கென்று செலவழிக்காது என்பது சட்டம். பலகை எங்கே வாங்குவது? கொட்டகையில் கதவளவுக்கு, கப்பல் வார்னிஷ் பூசி, தண்ணீர் இறங்காத முதல்தரப் பலகைகள் சும்மா சாய்ந்து கிடந்தன.

ஒட்னி அறுத்தாள். அவள் சிநேகிதி போர்ஹில்ட் பிடித்துக்கொண்டாள். மூன்று சுவர், ஒரு கூரை, முன்பக்கம் ஒரு ஜன்னல். வெளியே சிவப்புப் பெயிண்ட். உள்ளே திரும்பிய கலங்கரை விளக்கங்களை மறைக்க, செர்ரிப் பழம் போட்ட மெழுகுத் துணி. அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கேப்டன் அந்தக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தன் ஓவியத்தின் முதுகில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாஃபிள் தின்கிறார்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் ஒவ்வொருவராக ஒட்னியின் காதருகே வந்தார்கள். என் படம் பத்திரமா இருக்குல்ல என்று ஒருவர். என்னுடையது எது என்று ஞாபகம் இல்லை, ஏதாவது ஒன்று கொடு என்று இன்னொருவர். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் போர்ஹில்ட் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"போய் உண்மையச் சொல்லிடு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுப் போறாரு."

"ரெண்டு நாள்னு நீ சொல்ற. அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை என் வீட்ல சாப்பிட உக்காந்தா, இந்த வருஷப் படம் யாருக்குப் போச்சு, எந்தச் சுவத்துல மாட்டுனாங்கன்னு கேட்டுக்கிட்டே தான்டி உருளைக்கிழங்க உரிக்கிறாரு. சொன்னா தூரிகையத் தூக்கிப் போட்டுருவாரு. என் வீட்டுப் பக்கமும் வர மாட்டாரு."

ஒட்னி பல வருடமாகத் தனிக்கட்டை. வாரத்தில் ஒருநாள்தான் அவள் மேசையில் இரண்டு தட்டு.

ஜூன் மாதத்தில் அந்த ஊரில் இருட்டு என்பதே கிடையாது. திருட்டு வேலை செய்வதற்குத் தோதான ஊர் இல்லை அது. கடைசியில் கண்காட்சிக்கு முந்தின நாள், கேப்டன் கண் பரிசோதனைக்குக் கரைக்குப் போன அன்றைக்குத்தான் வழி பிறந்தது. படகு முனையைத் தாண்டியதுமே இரண்டு பெண்களும் திருகாணி கழற்றியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார்கள்.

ஒரு சுவர் கழன்று, இரண்டாவது பாதியில் நிற்கும்போது சைக்கிளில் யோஸ்தைன் வந்து சேர்ந்தான். கடையைப் பார்த்தான். மெழுகுத் துணி சரிந்து, செர்ரிப் பழங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ராட்சதக் கடற்பறவை எட்டிப் பார்த்தது. அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாமேவா?" என்றான்.

"கூரையும் சேத்துத்தான்," என்றாள் ஒட்னி. "யோசனை உன்னோடது. ஏணிய நீ பிடி."

பிடித்தான். மாலைப் படகு திரும்பும்போது படகுத்துறையில் வாஃபிள் கடை இருந்த இடத்தில் நாலு மூலைக் கம்பமும் ஓர் அடுப்பும் நின்றன. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் கேப்டன் யோஸ்தைனின் தோளைப் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

கழுவினார்கள், துடைத்தார்கள், சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். எல்லாம் போயிற்று, வாசனை மட்டும் போகவில்லை. அத்தனை கோடையின் வெண்ணெய்ப் புகையும் ஏலக்காயும் பலகைக்குள் ஊறியிருந்தது. இன்னொரு சிக்கல், ஜன்னலுக்காக அறுத்த படம். கலங்கரை விளக்கத்துக்கு நட்டநடுவில் ஒரு சதுர ஓட்டை. கடைசியில் போர்ஹில்ட்தான் அதை மண்டபத்து ஜன்னலுக்கு நேராகத் தொங்கவிடச் சொன்னாள். ஓட்டை வழியே நிஜமான கடல் தெரிந்தது. ஓவியத்துக் கடலுக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது, ஆனால் வேறு வழியில்லை.

கண்காட்சி அன்று தீவே வந்தது. தங்கள் படத்தைத் தாங்களே அடையாளம் காட்ட முடியாமல் ஆளுக்கு ஒன்றின் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டார்கள். ஒரே படத்தின் பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் நின்று புன்னகைத்ததும் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த சுற்றுலாத் தம்பதி ஓட்டைப் படத்தின் முன் வெகுநேரம் நின்று, ஓவியர் மனிதனின் வெறுமையைச் சொல்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே வந்த எல்லோருக்கும் காரணம் தெரியாமல் பசித்தது. மூலையில் வைத்திருந்த கேக்கெல்லாம் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட்டது.

கேப்டன் பழைய சீருடை அணிந்து வந்தார். பித்தான்கள் பளபளத்தன. முதல் படத்தின் முன் நின்றார், தலையை ஆட்டினார், நகர்ந்தார். இரண்டாவதன் முன் நின்றபோது மூக்கு விடைத்தது. மூன்றாவதை நெருங்கி முகர்ந்தார்.

"ஒட்னி, இதுல ஏன் ஏலக்காய் வாசம் அடிக்குது?"

"எல்லார் வீட்லயும் வாஃபிள் சுடுறாங்கல்ல, கேப்டன்."

"மலைக் குடில்லயுமா?"

"அங்கதான் நிறையச் சுடுவாங்க," என்றாள் அவள்.

அவர் பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். வரிசையாகத் திருகாணித் துளைகள். அடுத்த பலகையிலும் அதேபோல. ஓட்டைப் படத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக முன்னால் போய், அந்தச் சதுரத்தின் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார். எத்தனையோ கோடையில் ஊன்றிய அதே முழங்கைகள். மரத்தில் அவற்றுக்கென்று லேசான பள்ளம்கூட விழுந்திருந்தது.

"ரெண்டு வாஃபிள்," என்றார் கடலைப் பார்த்து. "பழுப்புச் சீஸ் வச்சு. ஒரு காபி."

மண்டபத்தில் எல்லோரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஜெர்மன்காரர் மட்டும் மெல்லக் கைதட்டினார்.

கேப்டன் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டி வெளியே போனார். ஒட்னி பின்னாலேயே போனாள். சர்ச் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம், மனைவியின் கல்லறை தெரிகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"யாருமே வச்சுக்கலையா?"

இத்தனை வருடம் சொன்ன பொய்களில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்ல, கேப்டன். ஒருத்தரும் வச்சுக்கல."

"நீ?"

"நானும் வச்சுக்கல. நான்தான் அறுத்தேன்."

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். காற்று அவருடைய நாலு முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உருளைக்கிழங்கு எவ்வளவு வேகவைப்பது என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

"ஒழுகுச்சா?" என்றார் கடைசியில்.

"என்னது?"

"கூரை. போன வருஷம் அடிச்ச மழைக்கு ஒழுகுச்சான்னு கேட்டேன்."

"ஒரு சொட்டுகூட ஒழுகல."

அவர் முகத்தில் எதுவோ தளர்ந்தது. "மூணு தடவை பூசுனேன்ல," என்றார். பிறகு எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "வர்ற சனிக்கிழமை பெரிய சுற்றுலாக் கப்பல் வருது. அதுக்குள்ள சுவர மாட்டிடுங்க. படம் உள்பக்கமாவே இருக்கட்டும். சாப்பிட வர்றவனை ஏன் விரட்டணும்?"

ஒட்னிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் தொடங்கினாள்.

"சிரிக்காத," என்றார் கேப்டன். "உன்னை இன்னும் விடல. என்கிட்ட இன்னும் ஒரு பலகை இருக்கு. இந்தத் தடவை கலங்கரை விளக்கம் கிடையாது. உன்னை வரையப்போறேன். துடுப்புச் சீட்டெல்லாம் இல்ல, நேரா உன் வீட்டுக்கு. சோபாவுக்கு மேல. ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன், தொங்குதான்னு."

ஒட்னி தன் வீட்டு வரவேற்பறையை நினைத்துப் பார்த்தாள். கதவளவு ஒட்னி. பக்கத்தில் அவளைவிடப் பெரிய பறவை. சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பலகையும் பெயிண்ட் டப்பாவுமாகச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அவளை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்துத் திருப்பி, அசையக் கூடாது என்றார். அவள் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

"பேசாத," என்றார் கேப்டன், ஒரு கண்ணை மூடி அவளை அளந்துகொண்டே. "இத்தனை வருஷம் பேசுனது போதும். வாய அசைச்சா வாய் கோணலா வந்துரும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

சமையலறையில் உருளைக்கிழங்குப் பாத்திரம் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. ஒட்னி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் அரித்தது. கேப்டன் சாவகாசமாக, மிகச் சாவகாசமாக, அவளுடைய மூக்கை வரைய ஆரம்பித்தார்.