யாரும் திரும்பிப் பார்க்கவில்லை

பாப்பாவுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். ஒருநாள் அவன் தியேட்டர் வாசலில் நின்று மாடியைப் பார்த்து ஊர் கேட்க அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்து டிக்கெட் கிழிப்பவர் முதல் மேனேஜர் வரை அவளை வேறு பெயரில் யாரும் கூப்பிடவில்லை. படம் ஓட்டும் அறை மாடியில் இருந்தது. படத்தை ஓட்டுவது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, விளக்கை அணைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

அண்ணன் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு விண்வெளிப் படம் பார்த்தான், பார்த்தவன் பார்த்தவன்தான். சொந்தக் கிரகத்தை இழந்து, போக்கிடம் இல்லாமல் இருட்டில் அலையும் ஒரு கப்பலின் கதை அது. அந்தக் கிரகம் எப்படி அழிந்தது என்பதை மட்டும் படத்தில் காட்டவே இல்லை. கப்பலில் இருக்கும் ஒரு கிழவர் அதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுவார். படத்தை எத்தனை தடவை பார்த்தான் என்று யாராவது அவனிடம் கேட்டால், அண்ணி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அவ்வளவு உயிராக நேசித்த படத்தில் அவனுக்கு ஒரே ஒரு குறை. கப்பல்கள் வெடிக்கும்போது காது கிழியச் சத்தம் வரும். கடையில் பரிசோதனை நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம்தான். "காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படிங்க வரும்? இந்த வரிசை தெரியுதா?" என்பான். "தெரியலீங்க" என்றால், எதற்கு அந்தப் பதில் என்று அவனுக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

அந்த டைரக்டருக்கும் எழுதினான். முதலில் கடிதம், காலம் மாறியதும் மெயில். பதில் என்று எதுவும் வந்ததில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரர் அவனுடைய பால்ய நண்பர். "சினிமாவுல சத்தம் இல்லாம எப்படிய்யா? ஊமைப் படமா எடுக்கச் சொல்றே?" என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இரண்டு குடும்பத் தலைவர்கள், வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள், வெடிச் சத்தத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பாப்பாவுக்கு இதைச் சொல்லிச் சிரிக்கவும் பிடிக்கும். அண்ணனை நினைத்தால் பாவமாகவும் இருக்கும்.

இருபது வருடங்களுக்கு மேல் இழுத்தடித்துவிட்டு, அந்தப் படத்துக்கு அதே டைரக்டர் எடுத்த முன்கதை ஒருவழியாக வந்து சேர்ந்தது. கிழவர் சொல்லாமல் விட்ட அந்தக் கடைசி நாள்தான் கதை. முதல் ஆட்டம் காலையில், பாப்பாவின் தியேட்டரில்.

சவுண்ட் மெஷினை அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள். சில மாதங்களுக்கு முன் ஒரு படத்தின் நடுவில் சத்தம் போய்விட்டது. முதலில் ஒரு விசில், அப்புறம் கூச்சல், அப்புறம் அரங்கமே கழுத்தைத் திருப்பி அவள் அறைக் கண்ணாடியை முறைத்தது. நாலு நாற்காலி உடைந்தது. "இன்னொரு தடவை சத்தம் போச்சுன்னா, அதோட நீயும் போயிட வேண்டியதுதான்" என்று மேனேஜர் அன்று சொன்னார். கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. பாப்பாவின் அறையிலிருந்து பார்த்தால் தலைகளின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். ஆனால், திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவர்களைக் கண்காணிக்கத் திரையோரம் ஒரு கேமரா வைத்திருந்தார்கள், இருட்டிலும் பார்க்கக்கூடியது. அது காட்டுவதெல்லாம் அவள் மேசைமேல் இருந்த சின்ன டிவியில் தெரியும். வரிசை வரிசையாகச் சாம்பல் நிற முகங்கள். நடுவில், நடைபாதையை ஒட்டிய இருக்கையில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன்.

படம் நன்றாகத்தான் போனது. கடைசிக் கப்பல் கிளம்பியது. ஜன்னலோரம் ஜனங்கள் நெருக்கியடித்து நின்று கீழே பார்த்தார்கள். காட்சி கப்பலை விட்டு வெளியே வந்தது. அந்த நொடியில் சத்தம் செத்துப்போனது.

பாப்பா பதறிப்போய் மெஷினைப் பார்த்தாள். சத்தத்தை அரங்கத்துக்கு அனுப்பும் சவுண்ட் பிராசஸரின் விளக்குகள் அணைந்திருந்தன. கை தானாகப் போய்த் திரும்ப ஓட வைக்கும் பொத்தானை அழுத்தியது. அது உயிர் பெற்று வர ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் வேலை போய்விடும். முதல் விசிலுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள்.

விசில் வரவில்லை. இருமல்கூட வரவில்லை. அவள் நிமிர்ந்தாள்.

திரையில் அந்தக் கிரகத்தின் இருட்டுப் பக்கம் தெரிந்தது. அதன்மேல் ஊர் ஊராக விளக்குகள். ஓர் ஓரத்திலிருந்து அவை அணைந்துகொண்டே வந்தன. ஒரு ஊர், அடுத்த ஊர், கடற்கரை நெடுகக் கோடுபோல் இருந்த ஊர்கள். பிறகு, கொடியில் காயும் சேலை காற்றில் எழும்புமே, அப்படிக் கடல் மெதுவாகத் தரையை விட்டு எழுந்தது. மலைகள் ஓசைப்படாமல் பிளந்தன. பிளவுக்குள் சிவப்பாக, அந்த உலகத்தின் உள்ளே இருந்தது தெரிந்தது. கோடி உயிர் போகிறது; ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. பாப்பாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் வேலை பார்க்கும் இடத்தில் நிற்கிறோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துவிட்டது.

அரங்கத்தில் ஒரு தலைகூடப் பின்னால் திரும்பவில்லை. அவள் டிவியைப் பார்த்தாள். அத்தனை முகங்களும் வாய் திறந்தபடி அப்படியே இருந்தன. ஒருவர் பக்கத்து இருக்கை அந்நியரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது யார் கை என்று இரண்டு பேருக்குமே தெரிந்ததாகத் தோன்றவில்லை. அண்ணன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்திருந்தான். கன்னமெல்லாம் ஈரம்.

மெஷினில் பச்சை விளக்கு வந்தது. சத்தத்தின் அளவைக் காட்டும் கோடுகள் எகிறிக் குதித்தன. அப்படியென்றால் இந்த இடத்தில் பெரிய சத்தம் ஒன்று இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்மேல் அவள் கை இருந்தது. அரங்கத்துக்குச் சத்தம் போகும் முன் அதை அடி மட்டத்துக்கு இறக்கினாள்.

ஏன் இறக்கினாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கோடுகள் குதித்துக்கொண்டே இருந்தன; அரங்கம் மூச்சுவிடாமல் இருந்தது. காட்சி மாறி, கப்பலுக்குள் ஒரு குழந்தை அம்மாவின் தோளில் முகம் புதைத்தபோது குமிழை மெல்ல ஏற்றினாள். குழந்தையின் விசும்பல் கேட்டது. அரங்கம் முழுவதும் ஒன்றாக மூச்சுவிட்டது அவள் அறைக்குள் வரை கேட்டது.

படம் முடிந்து வெளியே வந்தவர்களை அவள் மாடிப்படியிலிருந்து பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை, சத்தமாகப் பேசவில்லை. ஒருவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை விட்டு எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பெண் போனில், "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் நின்றாள். மேனேஜர் மேலே வந்தார். அரங்கக் கதவருகே நின்று பார்த்திருக்கிறார்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இவ்வளவு பேரு ஒண்ணா வாயை மூடிக்கிட்டு இருந்து நான் பார்த்ததே இல்ல பாப்பா" என்றார்.  

அவருக்குப் பின்னாலேயே அண்ணன் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தான்.

"கேட்டுட்டாரு பாப்பா. இத்தனை வருஷம் கழிச்சு, நான் எழுதினதைக் கேட்டுட்டாரு."

அவன் முகத்தில் அப்படி ஒரு ஒளி. சொல்லியிருக்கலாம். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? அவன் அங்கேயே நின்று மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டான். "நான்தான்டா. மத்தியான ஆட்டத்துக்கு வா. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், நீ முதல்ல வந்து பாரு." அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, போனை வைத்துவிட்டுச் சின்னப் பையன்போல் சிரித்தான்.

பாப்பா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. குமிழை இன்னொரு தடவை இறக்குவது பெரிய காரியம் இல்லை. மேனேஜருக்குத் தெரியாது, நண்பர் முன்னால் அண்ணன் தலை நிமிர்ந்து நிற்பான், அவள் வேலையும் தப்பும். ஆனால் அடுத்த வாரம் வேறு தியேட்டரில் யாராவது பார்த்துவிட்டு வந்து சொன்னால் சாயம் வெளுத்துவிடும். அதுகூடப் போகட்டும். அந்தக் கோடுகள் குதித்ததை அவள் மறக்க முடியவில்லை. யாரோ ராத்தூக்கம் கெட்டு உருவாக்கிய சத்தம். காலையில் அதை அமுக்கியது அந்த நேரத்துப் பித்து. இப்போது அமுக்கினால் அதற்குப் பெயர் வேறு.

மத்தியான ஆட்டத்தில் அந்த இடம் வந்தபோதும் அவள் கை குமிழ்மேல்தான் இருந்தது. இறக்கவில்லை.

இசை எழுந்தது. வாத்தியமாகத் தெரியவில்லை, ஒரு கிரகத்து ஜனங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, பறை அதிர்வதுபோல் வளர்ந்ததில் சுவர் நடுங்கியது. விளக்குகள் அணைய அணைய முனகலில் ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. பாப்பா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். இதையா காலையில் தடுத்தோம் என்று இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். "என்ன பாட்டு இது? எங்கிருந்து வருது? காலையில இல்லையே. ஏதோ தப்பா ஓடுது, நிறுத்து." அவர் தோளுக்குப் பின்னால் அண்ணன், மூச்சிரைக்க.

"தப்பா ஓடல சார். இதுதான் சரி" என்றாள் பாப்பா. "காலையிலதான் தப்பு. சவுண்ட் மெஷின் நின்னுபோச்சு."

  மேனேஜர் அதிகாரிக் குரலில் கேட்டார்.

"காலையில சத்தம் போச்சுன்னு யாராச்சும் புகார் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"ஒருத்தராச்சும் திரும்பிப் பார்த்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப சத்தம் போகல. மெக்கானிக்கை வரச் சொல்லி மெஷினைக் காட்டு." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவருகே நின்று அவரும் வாய் பிளந்து பார்த்த காலை அது; அதைக் குற்றம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

அண்ணன் போகவில்லை. கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தபடி நின்றான். அவன் முகத்திலிருந்து காலையில் இருந்த ஒளி இறங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலை தப்பியதுகூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

"அப்ப அவரு என் மெயில் எதையும் படிக்கல."

"தெரியலண்ணா."

"படிச்சிருந்தா இப்படிப் போட்டுத் தாக்கியிருப்பாரா?" என்றவன், சின்ன டிவி பக்கம் திரும்பினான். மருந்துக்கடைக்காரர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இதுவும் நல்லாத்தான் இருக்கு போல" என்றான், சொல்ல மனமில்லாமல். "மெஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஒரு நிமிஷம். அவ்வளவுதான்."

"ஒரு நிமிஷமா? அந்தக் காட்சி முழுக்கச் சத்தமே இல்லையே."

"மீதி நேரம் நான்தாண்ணா சத்தத்தை வைக்கல."

"ஏன்?"

"இந்த டிவியில உன்னைப் பார்த்தேன்" என்றாள். 

திரையில் கடல் எழுந்து முடிந்திருந்தது. முனகலில் கடைசிக் குரலும் அடங்கியது. அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்ப மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அப்ப காலையில நாங்க பார்த்தது உலகத்துல வேற யாரும் பார்க்காத படம்" என்றான். "எடுத்தவரே பார்த்ததில்ல."

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் வந்து அவள் தலைமேல் கைவைத்தான். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை.

"இருபது வருஷமா நான் கத்துனதை அவரு கேக்கல பாப்பா. நீதான் கேட்டிருக்கே."