மாமாவின் வேண்டுதல்

திருப்பதியில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் ஊரில் யாரும் எங்களைப் பாவம் என்று பார்ப்பதில்லை. கொடுத்து வைத்தவர்கள் என்கிறார்கள். நினைத்த நேரத்தில் மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாமே என்கிறார்கள். பொங்கல் கழிந்து வந்த நாங்கள் இந்தப் புரட்டாசி வரை ஒரு தடவைகூட மலைக்குப் போகவில்லை. பஸ் சார்ஜை நினைத்தாலே எனக்கு பக்தி இறங்கிவிடுகிறது.

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முதலில் எங்கள் ஊர் பிச்சாட்டூரிலிருந்து பஸ்ஸில்தான் போய் வந்தார். ஒரு நாள் திரும்பி வரும்போது வடமாலபேட்டை தாண்டியதும் சீட்டிலிருந்து சரிந்துவிட்டார். கண்டக்டர் இறக்கிப் படுக்கவைத்து எனக்குப் போன் செய்தார். டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான், உயிர் வேண்டுமா, ஊர் வேண்டுமா என்று. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வாங்குவதில்லை, அதை மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதற்குத்தான் காசு. திருப்பதிக்குள்ளேயே கொர்லகுண்டாவில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையும் சமையல் மேடையும். அதற்கு வாடகை, அட்வான்ஸ், வீட்டுக்காரம்மா வைத்த ரேட்டில் கரண்ட். ஊரில் கொல்லையில் கிள்ளிப் போட்ட கறிவேப்பிலைக்கு இங்கே சில்லறை தேட வேண்டும். பால், கேஸ், ஷேர் ஆட்டோ எல்லாமே கேட்ட விலைதான். மலையில் கூட்டம் ஏறினால் கீழே வாழைப்பழம் ஏறும், பூ ஏறும், ஆட்டோக்காரன் குரலும் ஏறும். பெருமாளுக்கு விசேஷம் என்றால் எங்கள் வீட்டில் குழம்பில் காய் இருக்காது. மகள் ஹரிதா துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வாங்கி வருகிற சம்பளத்திலும், நான் நாலு வீட்டுக்கு மாவரைத்துக் கொடுப்பதிலும்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் சமாளித்திருப்போம். எங்களைக் கவிழ்த்தது நாங்கள் சொன்ன பொய்.

வீடு தேடி அலைந்தபோது முதலில் உள்ளதைத்தான் சொன்னோம். இரண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் பொறுமையாக விளக்கினார். கெட்ட நட்சத்திரத்தில் வீட்டில் ஒரு உயிர் போனால் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப்போட வேண்டும், அதற்கு யார் வாடகை கொடுப்பார்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் உயிரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதனால் கொர்லகுண்டா வீட்டுக்காரம்மா சுந்தரம்மாவிடம் மட்டும், இவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் அங்கே போகிறாரே, பாதிப் பொய்தான்.

ஊருக்கும் அதே பொய்தான். ஹரிதாவுக்கு வரதய்யபாளையம் பக்கம் ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பனுக்குக் கிட்னி போய்விட்டது என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அன்றோடு நின்றுவிடும் என்று இவருக்குப் பயம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அரசாங்கம் பென்ஷன் தருகிறது. அதற்கும் இவர் எழுதிப்போடவில்லை. ஊர் சச்சிவாலய ஆபீசில் பேர் ஏறினால் சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும் என்றார். நான் சண்டை போட்டேன். வாய் வலித்ததுதான் மிச்சம்.

இவர் இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்துக்கொண்டிருக்கும். அதை மறைக்க முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். ஒரு சாவுக்கு ஊருக்குப் போனபோது மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட அந்தச் சட்டையைப் பார்த்து, எத்திராசு ஆபீசர் ஆகிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் வீடு சத்திரம் ஆனது. திருப்பதியில் நமக்கு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, மலைக்குப் போகிறவர்களெல்லாம் முதல் நாளே வந்து இறங்கினார்கள். மலைக்குப் போகிறவர்களைக் குளிக்கவைக்காமல், சோறு போடாமல் அனுப்ப முடியுமா? திரும்பி வரும்போது ஆளுக்கொரு லட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் அதையும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

சுந்தரம்மாவும் கெட்டவள் இல்லை. கோடையில் அவள் வீட்டு போர்க்கிணறு வற்றிவிட்டது. தண்ணீரை டேங்கரில் வாங்கித் தொட்டிக்கு ஏற்றுகிறாள். ஆடியில் எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டம் தொட்டியை விடிவதற்குள் காலி செய்துவிட்டது. மேல்மாடியில் அவளுக்கே முகம் கழுவத் தண்ணீர் இல்லை. இன்னொரு கூட்டம் வந்தால் ஒண்ணாம் தேதி சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டாள். அவள் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். இந்த அறை போனால் இந்த வாடகைக்கு வேறு கிடைக்காது. அறை இல்லையென்றால் மறுபடி பிச்சாட்டூர் பஸ். அந்த பஸ்ஸில் இவரை ஏற்றினால் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வேதாச்சலம் மாமா போன் செய்தார். இவருடைய கூடப்பிறந்த அண்ணன். நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றே, தம்பி டவுனில் நல்லபடியாகப் பிழைத்தால் தலைமுடி கொடுக்கிறேன் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து கத்திரி படாமல் வளர்க்கிறாராம். தம்பி பிழைத்துவிட்டான், அதனால் புரட்டாசி சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறோம், உங்கள் வீட்டில் குளித்து சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுகிறோம் என்றார். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வா அண்ணா என்றுதான் சொன்னார். தன் பேரில் முடி கொடுக்க வருகிற அண்ணனிடம் வேறு என்ன சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சனிக்கிழமை இவருக்கு மெஷின் நாள். டூட்டி முடித்து மத்தியானம் வந்துவிடுவேன் என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தார். விடிந்ததும் முழுக்கைச் சட்டையில் பொத்தானைப் போட்டுக்கொண்டு தனியாகவே கிளம்பினார். ஹரிதாவுக்குப் பண்டிகைக் கூட்டத்தில் லீவு கிடையாது. நான் ஊற்றிவைத்த இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேன் வழியில் பஞ்சராகி நிற்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தாலும் வேண்டிக்கொண்டேன்.

வேன் வந்தது. மாமா முன் சீட்டிலிருந்து இறங்கினார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய நாமம், பிடரியை மூடிய முடி, கழுத்தை மறைக்கிற தாடி. பின்னால் அவர் வீட்டுக்காரி செங்கம்மா அக்கா, மகள்கள், மருமகன்கள், பிள்ளைகள். சந்தே நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கோவிந்தா கோவிந்தா என்று கத்திக்கொண்டு நேராகக் குழாயடிக்கு ஓடின. ஒரு பிள்ளை குழாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது. சுந்தரம்மா மேலே வால்வை மூடிவிட்டிருந்தாள்.

அவள் கீழே இறங்கி வந்து வாசல் கேட் அருகே நின்றாள். கத்தவில்லை. நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா என்று மட்டும் தெலுங்கில் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். தொட்டித் தண்ணீரை டேங்கரில் வாங்குகிறேன், ஒண்ணாம் தேதி சாவி என்றாள்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி வீட்டு வாசலில், மருமகன்கள் எதிரில், தண்ணீருக்காக ஒருத்தி கணக்குப் பேசுவதா என்று அவருக்கு. அவளிடம் தமிழிலேயே பேசினார். சுந்தரம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

"இன்னாம்மா, ஒரு தொட்டித் தண்ணிக்கா இவ்ளோ பேச்சு? என் தம்பி பெரிய ஆஸ்பத்திரியில கீறான். டேங்கர் இன்னா டேங்கர், ரெண்டா போடுவான். சுலோசனா, எத்திராசுக்குப் போன் போடு. அண்ணன் சொல்றேன்னு ஒரு டேங்கர் அனுப்பச் சொல்லு."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் இவர் கையில் ஊசியோடு படுத்திருப்பார். போன் அடித்தால் நர்ஸ்தான் எடுப்பாள். செங்கம்மா அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டவுனுக்கு வந்ததும் இவளுக்குச் சொந்தம் கசக்கிறது என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. மாமாவே தொடர்ந்து பேசினார். அவர் குரல் தணிந்துவிட்டது.

"நானு இவ்ளோ நாளா முடி வளத்துக்கினு கீறது எதுக்கு? அவன் நல்லா இருக்கான்னுதானே. சாமி குடுத்துட்டாரு. நானும் குடுத்துட்டுப் போறேன். வேற ஒண்ணும் கேக்கல."

அந்தத் தாடியையும் முடியையும் பார்த்தேன். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. இவர் மேலா, பெருமாள் மேலா, அந்தச் சட்டையின் மேலா.

"முடி குடுக்காதீங்க மாமா," என்றேன். "சாமி இன்னும் ஒண்ணும் குடுக்கல."

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்துவிட்டது. இரண்டு கிட்னியும் போனது, வாரத்தில் மூன்று நாள் மெஷின், வேலை எதுவும் இல்லை, சம்பளம் எதுவும் இல்லை, ஹரிதா நின்று நின்று கால் வீங்கி வருவது, வாடகைக்கு என் தோட்டை அடகு வைத்தது. சந்தில் எல்லார் எதிரிலும் சொன்னேன். சுந்தரம்மா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஒரு மருமகன் பிள்ளைகளைப் பிடித்து வேன் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். செங்கம்மா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"முந்தே செப்பி உண்டொச்சு கதா," என்றாள் சுந்தரம்மா. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்கிறாள்.

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி மாடி ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. குளித்துவிட்டுப் போகட்டும் என்று மேலே இருந்து சொன்னாள். ஒண்ணாம் தேதி பற்றிச் சொன்னதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவளுக்குக் கூட்டத்தைவிடப் பெரிய காரணம் கிடைத்துவிட்டது.

மற்றவர்கள் குளித்தார்கள். இட்லியைத் தொட்டதும் தொடாததுமாகத் தின்றார்கள். மாமா அவர்களை மட்டும் மலைக்கு அனுப்பினார். அவர் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறி நாமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இந்த முடியோடு அவர் ஊருக்குத் திரும்பிப் போனால், திருப்பதிக்குப் போனவன் ஏன் மொட்டை போடவில்லை என்று முதல் வீட்டிலேயே கேட்பார்கள். இனி மறைக்க வழி கிடையாது. வரதய்யபாளையத்து வரனை நினைத்து எனக்கு அழுகை வந்தது. மாவு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அழுது தீர்த்தேன்.

மத்தியானம் ஷேர் ஆட்டோ சந்து முனையில் நின்றது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மெஷினிலிருந்து வரும்போது எப்போதும் அப்படித்தான் வருவார். வாசலில் அண்ணனைக் கண்டதும் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். சிரித்தார். வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

"டூட்டி இப்பதான் முடிஞ்சிதுண்ணா," என்றார்.

அப்புறம்தான் அண்ணன் தலையைப் பார்த்தார். முடி அப்படியே இருந்தது. தாடி அப்படியே இருந்தது. இவர் என் பக்கம் திரும்பினார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. சிரிப்பு மெல்லக் கழன்று, அந்த இடத்தில் வெறும் களைப்பு வந்து உட்கார்ந்தது. பல மாதமாக அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்து வந்து தம்பியின் இடது கையைப் பிடித்தார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். பெரிய விரல்கள், சின்னப் பொத்தான், நேரம் பிடித்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, ரத்தம் கசிந்த பஞ்சையும் புடைத்த நரம்பையும் பார்த்தார். தொடவில்லை.

"என்னிக்குக் குடுக்கணும்னு நீ சொல்லுடா," என்றார். "அன்னிக்குக் குடுக்கறேன். அது வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

இவர் தாகமாக இருக்கிறது என்றார். மாமா ஓடிப்போய்க் குழாயடியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, தளும்பத் தளும்ப நீட்டினார். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் போய் சொம்பைப் பிடித்தேன்.

"அவ்ளோ குடிக்கக் கூடாது மாமா," என்றேன். "ஒரு வாய்தான்."

இவர் ஒரு வாய் குடித்துவிட்டு சொம்பை என்னிடம் கொடுத்தார். மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வரவில்லை. உள்ளே கொண்டுபோய்க் குடத்தில் ஊற்றி மூடினேன். வெளியே குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதை மூடத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தார்.